பிள்ளையின் கையை எப்படிப் பார்ப்பது: ஒரு பழைய லேப்காரியின் குறிப்புகள்

முதலில் உங்கள் கையைப் பாருங்கள். பிறவிக் கோளாறின் அடையாளம் தேடிப் பிள்ளையின் கையை அப்புறம் பார்க்கலாம்.

உள்ளங்கையை லேசாக மடக்கினால் மூன்று பெரிய கோடுகள் ஆழமாகத் தெரியும். ஜோசியக்காரர் ஆயுள் ரேகை, புத்தி ரேகை, இருதய ரேகை என்று சொல்வாரே, அவைதான். எங்களுக்கு அவை வெறும் மடிப்புகள். பாயைச் சுருட்டினால் ஒரே இடத்தில் மடிப்பு விழுமே, அதைப்போலத் தோல் மடங்கும் இடங்கள். இனி ஜன்னல் பக்கம் திரும்பி, விரல் நுனியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். உழுத வயல் மாதிரி நெருக்கமாக, மெல்லிய வரிகள் ஓடும். பத்திரப் பதிவில் மையில் உருட்டுகிறோமே, அது இந்த வரிகள். தமிழில் இரண்டையுமே ‘ரேகை’ என்று சொல்லிவிடுகிறோம். எனக்குப் பயிற்சிக்கு வந்த சிஸ்டர்களில் பாதிப் பேர் குழம்பியது இங்கேதான். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க மடிப்பு என்றால் மடிப்பு, வரி என்றால் வரி.

நான் டாக்டர் இல்லை. ஓர் அரசு மருத்துவமனையின் குரோமோசோம் லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். குரோமோசோம் என்பது செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நூல்; மனிதருக்கு 46. நான் சேர்ந்த காலத்தில் ஒரு குழந்தையின் ரத்தத்தை வளர்த்து, குரோமோசோம்களை எண்ணி, படம் எடுத்து, கத்தரித்து ஒட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கல்ச்சரில் பூஞ்சை பிடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் எங்கள் பெரிய டாக்டரம்மா, ரத்தம் எடுக்கும்போதே கையின் பதிவையும் எடுத்துவைக்கச் சொல்வார். “ரத்தம் கெட்டுப்போகலாம், கை கெட்டுப்போகாது” என்பார். இப்போது பரிசோதனைகள் வேகமாகிவிட்டன. ஆனாலும் கிராமத்தில் ஒரு பிள்ளையை முதலில் தூக்கிப் பார்ப்பவர் செவிலியர்தான். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கை ஏன் சொல்லும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரு ஆறு ஏழு வாரமாக இருக்கும்போது விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்ன மேடுகள் எழும்பும். சுமார் பத்தாவது வாரத்திலிருந்து அவை அமுங்கத் தொடங்கும். அதே சமயத்தில் வரிகளும் உருவாகும். ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தோடு வேலை முடிந்தது. அதன்பின் கை வளரும், வரியின் அமைப்பு மாறாது. மடிப்புகளும் இதே காலத்தில் விழுபவைதான். அந்த வாரங்களில் மேடு எவ்வளவு உயரமாக இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கையில் நீர் கோத்திருந்ததா என்பதெல்லாம் தோலில் பதிந்துவிடும். குரோமோசோம் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் கையின் வளர்ச்சியும் கொஞ்சம் மாறும், அந்த மாற்றமும் பதிவாகும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து உடற்கூறியல் பேராசிரியர் ஹரால்ட் கம்மின்ஸ் 1926-இல் இந்தப் படிப்புக்கு ‘டெர்மடோகிளிஃபிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். மன வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிறவிக் கோளாறான டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் கைவரிகள் வேறுமாதிரி இருப்பதை 1930-களிலேயே எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல் என்று பாரிஸில் கண்டுபிடித்தது 1959-இல். குரோமோசோமுக்கு இருபது வருஷம் முன்பே கை பேசிவிட்டது.

இனி வேலைக்கு வருவோம்.

பிறந்த பிள்ளை கையை மூடித்தான் வைத்திருக்கும். உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்துத் திறக்கப் பார்த்தால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கையை, சுண்டுவிரல் பக்கமாக, மெதுவாகத் தடவுங்கள்; தானாக விரியும். விரியாவிட்டால் மணிக்கட்டை உள்பக்கமாக லேசாக வளையுங்கள், விரல்கள் நெகிழும். பால் குடித்துத் தூங்கும் நேரம்தான் நல்லது. பசியோடு இருக்கும் பிள்ளையிடம் கைரேகை பார்க்கப் போனால் உங்களுக்கும் பார்க்க முடியாது, அம்மாவுக்கும் எரிச்சல் வரும்.

வெளிச்சம் நேராக விழக்கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் வரிகளின் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். தபால்தலை சேகரிப்பவர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். செல்போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்குவதும் நல்ல யோசனைதான். ஆனால் அம்மாவிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குறைமாதப் பிள்ளைகளிடம் வரி சரியாகத் தெரியாது. அதற்காக மெனக்கெட வேண்டாம், சில வாரம் கழித்துப் பார்க்கலாம்.

முதலில் மடிப்பு. இருதய ரேகையும் புத்தி ரேகையும் தனித்தனியாக இல்லாமல், உள்ளங்கையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே கோடாக ஓடுகிறதா? அதுதான் ஒற்றை மடிப்பு. பழைய புத்தகங்களில் இதற்குக் ‘குரங்குக் கோடு’ என்று பொருள்படும் பெயர். பெற்றவர் காதில் விழக்கூடாத பெயர், அதை மறந்துவிடுங்கள். இரண்டு மடிப்பும் தனித்தனியே இருந்து, புத்தி ரேகை மட்டும் அந்தக் கரை வரை நீண்டிருந்தால் அது ‘சிட்னி மடிப்பு’. அது வேறு, குறிப்பேட்டில் வேறாகவே எழுதுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் இந்த ஒற்றை மடிப்புதான். எல்லோரையும் ஏமாற்றுவதும் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பிள்ளைகள் பிறந்தால் அதில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் ஏறக்குறைய 12 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு ஒற்றை மடிப்பு இருக்கும், அதாவது 6 பேர். ஆனால் ஒரு கோளாறும் இல்லாதவர்களிலும் 30 பேருக்கு ஒருவர் கணக்கில் ஒரு கையிலாவது ஒற்றை மடிப்பு உண்டு. அது 330 பேர். ஆக, வெறும் மடிப்பைப் பார்த்து ஒருவர் ‘டவுன்’ என்று சொன்னால் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை வீணாக அழவைத்த பிறகுதான் ஒரு முறை சரியாகச் சொல்லியிருப்பார். சரியாகச் சொன்னாலும், மடிப்பு இல்லாத மற்ற 6 பேரைக் கோட்டைவிட்டிருப்பார்.

இது எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானமில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வார்டில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பயிற்சி டாக்டரிடம் அந்தப் பழைய ஆங்கிலப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் ஆசை. பிள்ளையின் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, முகம் படிக்கத் தெரியும். “என்னம்மா, பிள்ளைக்கு என்ன?” என்று பிடித்துக்கொண்டார். மூன்று நாள் அந்தக் குடும்பம் தூங்கவில்லை. நாலாம் நாள் பிள்ளையின் அப்பா லேப் வாசலுக்கு வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். கிரீஸ் படிந்த இரண்டு கையையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். இரண்டிலும் கத்தியால் கீறினதுபோல ஒரே கோடு. “எனக்கும் இருக்கு, எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. எங்களுக்கு என்ன வியாதின்னு சொல்லுங்க” என்றார். பிள்ளையின் ரிப்போர்ட்டில் குரோமோசோம் சரியாக 46, சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து என் முதல் விதி இது: பிள்ளையின் கையைத் தொடும் முன் அப்பா அம்மா கையைப் பார். இருவரில் ஒருவருக்கு இருந்து, பிள்ளையிடம் வேறெந்த அடையாளமும் இல்லாவிட்டால், மடிப்பைப் பற்றி வாயைத் திறக்காதே.

மடிப்போடு சேர்த்துச் சுண்டுவிரலையும் பாருங்கள். நடு எலும்பு சின்னதாகி, மோதிர விரல் பக்கம் வளைந்திருக்கிறதா? சுண்டுவிரலில் இரண்டு மடிப்புக்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறதா? கை மொத்தத்தில் அகலமாக, விரல்கள் கட்டையாக இருக்கின்றனவா? காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருப்பு வார் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறதா? தனித்தனியே எதுவும் பெரிதல்ல, நாலும் சேர்ந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

விரல் நுனிகளுக்கு வருவோம். நம் வீட்டுப் பாட்டிகள் பேரப்பிள்ளையின் விரலைப் பார்த்து “எத்தனை சங்கு, எத்தனை சக்கரம்” என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கின் பலன்களில் எனக்கு நம்பிக்கையில்லை, பெயர்கள் மட்டும் அருமையானவை. சுற்றிச் சுற்றி வட்டமாக இருந்தால் சக்கரம். ஒரு பக்கமாக வந்து வளைந்து அதே பக்கம் திரும்பினால் சங்கு. மூன்றாவது ஒன்று உண்டு, பாட்டிகள் கண்டுகொள்ளாதது: இந்தப் பக்கம் நுழைந்து, நடுவில் லேசாக மேடேறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும் வில். சங்குதான் எங்கும் அதிகம், அடுத்தது சக்கரம். வில் மிகக் குறைவு, நூற்றுக்கு ஐந்து விரலை ஒட்டித்தான்.

மேடு ஆப்பத்தின் நடுப்பகுதிபோல உப்பி இருந்த நேரத்தில் வரி விழுந்தால் சக்கரம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சங்கு. தோசைபோலத் தட்டையாகிவிட்டிருந்தால் வில். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

18-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமில் கருவின் வளர்ச்சியே குன்றியிருக்கும், விரல் மேடுகளும் எழும்பியிருக்காது. அதனால் பத்து விரலில் ஆறோ அதற்கு மேலோ வில்லாக இருக்கும். வேறெங்கும் இவ்வளவு வில்லை எளிதில் பார்க்க முடியாது. ஆனால் அங்கே வரியைத் தேடும் முன்பே கைப்பிடி உங்களை நிறுத்திவிடும்: இறுகிய முஷ்டி, ஆள்காட்டி விரல் நடுவிரலின் மேலும் சுண்டுவிரல் மோதிர விரலின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கும். நகங்கள் பொடியாக இருக்கும். அந்தக் கையைப் பலவந்தமாக விரிக்கக் கூடாது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. வரியை எண்ணுவது அப்போது முக்கியமில்லை, டாக்டரைக் கூப்பிடுவதுதான் முக்கியம். 13-ஆம் குரோமோசோம் கூடுதலான படாவ் சிண்ட்ரோமில் சுண்டுவிரலுக்கு அப்பால் ஆறாவது விரல் இருப்பதுண்டு. ஆறாவது விரலும் குடும்பத்தில் தானாக வருவதுதான். அங்கேயும் அப்பாவின் கையைப் பாருங்கள்.

டவுன் சிண்ட்ரோமில் சங்கு அதிகம். பத்து விரலும் சுண்டுவிரல் பக்கம் வாய் திறந்த சங்காகவே இருக்கும் பிள்ளைகள் நிறைய. கட்டைவிரல் பக்கம் வாய் திறந்த சங்கு பொதுவாக ஆள்காட்டி விரலில்தான் வரும். அது மோதிர விரலிலோ சுண்டுவிரலிலோ இருந்தால் கவனியுங்கள். சங்கின் வாய் எந்தப் பக்கம் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுவார்கள். மைப்பதிவில் கை கவிழ்ந்து விழுவதால் இடம் வலம் மாறும். செல்லோ டேப்பில் எடுத்து ஒட்டினால் மாறாது, கையை நேரில் பார்ப்பதுபோலவே இருக்கும். ஒரு முறை நான் இதைக் குழப்பி பத்துச் சங்கையும் தலைகீழாக எழுதிவைத்து, டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் தாளில் ‘மை’ அல்லது ‘டேப்’ என்று எழுதுங்கள், ‘இடது’, ‘வலது’ என்றும் எழுதுங்கள்.

டேப் முறை பிள்ளைகளுக்கு மிகத் தோதானது. 4பி அல்லது 6பி பென்சிலைத் தாளில் நன்றாகத் தேய்த்துக் கரியாக்குங்கள். பிள்ளையின் விரலைத் துடைத்துக் காயவைத்து, அந்தக் கரியில் ஒற்றி எடுங்கள். அகலமான செல்லோ டேப்பை விரலின் ஒரு நகக்கரையிலிருந்து மறு நகக்கரை வரை சுற்றி ஒட்டி, மெதுவாக உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். அவ்வளவுதான். நுனி மட்டும் பட்டால் போதாது, ஓரங்களும் வர வேண்டும். ஏனென்று அடுத்துச் சொல்கிறேன். முடிந்ததும் ஈரத்துணியால் கையைத் துடைத்துவிடுங்கள், கை நேராக வாய்க்குத்தான் போகும். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்டாம்ப் பேடு மை போதும். உள்ளங்கையின் நடுக்குழி பதியாமல் போவதுதான் தொல்லை. தாளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சுற்றி, மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரை அதன்மேல் உருட்டினால் குழியும் பதியும்.

இப்போது முச்சந்தி. மூன்று திசையிலிருந்து வரும் வரிகள் ஓரிடத்தில் கூடும் முனைக்கு நான் வைத்துக்கொண்ட பெயர். போலீஸ்காரர்கள் டெல்டா என்பார்கள். சங்கில் ஒரு முச்சந்தி ஓரமாக இருக்கும், சக்கரத்தில் இரண்டு இருக்கும், சாதாரண வில்லில் இருக்காது. உள்ளங்கையில் நாலு விரலின் அடியிலும் ஒவ்வொன்று உண்டு. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, கையின் நடு அச்சில், ஐந்தாவதாக ஒன்று. ஆள்காட்டி விரலடி முச்சந்தியிலிருந்து மணிக்கட்டு முச்சந்திக்கு ஒரு கோடு, அங்கிருந்து சுண்டுவிரலடி முச்சந்திக்கு இன்னொரு கோடு போட்டு, நடுவே விழும் கோணத்தைப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானியால் அளக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு மூன்றெழுத்துப் பெயர் உண்டு. தமிழில் எழுதினால் அதில் இரண்டு எழுத்து ஒன்றாகிவிடும், விட்டுவிடுகிறேன். சாதாரணமாகக் கோணம் 45 டிகிரியை ஒட்டி இருக்கும். டவுன் சிண்ட்ரோமில் மணிக்கட்டு முச்சந்தி உள்ளங்கையின் நடுவரை ஏறிவிடும், கோணம் விரிந்து சராசரியாக 80-ஐத் தொடும். லண்டனில் மரபியல் பேராசிரியர் லயனல் பென்ரோஸ் இதை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார். 57-க்கு மேலே போனால் குறித்துக்கொள்ளுங்கள் என்பது பழைய வழக்கம். என் அனுபவத்தில் ஒற்றை மடிப்பைவிட இதைத்தான் நம்பலாம். ஆனால் விரல்களை எவ்வளவு அகட்டிப் பதித்தோம் என்பதைப் பொறுத்தும் கோணம் மாறும், சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கொஞ்சம் அகலம். ஒரே கையை மூன்று முறை பதித்து அளங்கள்.

காலையும் விட்டுவிடாதீர்கள். பெருவிரலுக்குக் கீழேயுள்ள மேட்டில் பொதுவாகப் பெரிய சங்கோ சக்கரமோ இருக்கும். டவுன் பிள்ளைகளில் பாதிக்கு மேல், அங்கே பாதத்தின் உள்பக்க ஓரத்தை நோக்கி வாய் திறந்த வில் ஒன்று அமைந்திருக்கும். மற்றவர்களிடம் அது நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அவ்வளவு நல்ல அடையாளம், ஆனால் யாரும் சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

வரிகளை எண்ணுவது தனிக் கலை. முச்சந்தியிலிருந்து சங்கின் நடு மையம் வரை ஒரு நேர்கோடு போட்டு, அது வெட்டும் வரிகளை எண்ண வேண்டும். டேப்பில் ஓரம் வரவேண்டும் என்றது இதற்குத்தான். ஓரம் இல்லாவிட்டால் முச்சந்தி கிடைக்காது. வில்லுக்குச் சுழியம், சக்கரத்துக்கு இரண்டு பக்கத்தில் பெரிய எண். பத்து விரலையும் கூட்டினால் பிரிட்டனில் எடுத்த சராசரி ஆண்களுக்கு 145, பெண்களுக்கு 127. எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடினால் கூட்டுத்தொகை ஏறக்குறைய 30 குறையும், ஒய் கூடினால் 12 குறையும். அதனால் ஒரே எக்ஸ் உள்ள டர்னர் சிண்ட்ரோம் பெண்களுக்கு எண்ணிக்கை அதிகம், எக்ஸ் கூடுதலான கிளைன்ஃபெல்டர் ஆண்களுக்குக் குறைவு. படிக்க அழகான கணக்கு, ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது. ஒரு கையை எண்ணி ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எண்ணத் தெரியாவிட்டால் குடிமுழுகாது.

டர்னருக்கு வேறு இடத்தில் பாருங்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, வயசுக்கு வரவில்லை என்று அழைத்துவந்திருந்தார்கள். வகுப்பில் எப்போதும் முதல் வரிசை, அவ்வளவு குட்டை. முஷ்டி பிடிக்கச் சொன்னேன். மோதிர விரலின் மொளி இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். பதிவெடுத்தால் பத்து விரலிலும் பெரிய பெரிய சக்கரங்களும் சங்குகளும். அம்மாவிடம் “பிறந்தப்போ கை கால் வீங்கியிருந்துச்சா?” என்று கேட்டேன். “ஆமா, பன்னு மாதிரி இருந்துச்சு. எண்ணெய் தேய்ச்சா வத்திடும்னாங்க, வத்திடுச்சு” என்றார். கருவில் கோத்த அந்த நீர்தான் விரல் மேடுகளையும் உப்பவைத்து அவ்வளவு பெரிய சக்கரங்களைப் போட்டிருக்கிறது. பிறந்த அன்று யாராவது அந்த வீக்கத்தைக் கண்டுகொண்டிருந்தால், உயரத்துக்கான ஹார்மோன் மருந்தை உரிய வயதில் தொடங்கியிருக்கலாம், இதயத்தின் பெருந்தமனியையும் அப்போதே பார்த்திருக்கலாம். எனவே பெண் குழந்தை புறங்கையும் புறங்காலும் வீங்கிப் பிறந்தால் ‘வற்றிவிடும்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

சரி, பார்த்தாயிற்று, சந்தேகம் வருகிறது. யாரிடம் என்ன சொல்வது? தாயிடம் ‘ரேகை சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல் நேராக ஜாதகத்துக்குப் போய், அங்கிருந்து அவள் ராசிக்குப் போய், மாமியார் வாயில் முடியும். குழந்தை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்: இன்னின்ன பார்த்தேன், தசை தளர்வாக இருக்கிறது, கண் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பெற்றோர் கையில் ஒற்றை மடிப்பு இல்லை என்று. கை மட்டும் தனியாக எதையும் தீர்மானிக்காது. தளர்ந்த தசையும் முகமும் இதயச் சத்தமும் சேர்ந்தால்தான் கைக்கு மதிப்பு. கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கியிருந்தாலும், தாய் மது அருந்தியிருந்தாலும்கூடக் கையின் மடிப்பு மாறும், குரோமோசோம் சரியாகவே இருக்கும்.

உறுதி செய்வது, குரோமோசோம்களை எண்ணிப் படிக்கும் கேரியோடைப் பரிசோதனைதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட, பச்சை மூடி டியூபில் ரத்தம். ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துக் கொன்றுவிடாதீர்கள், உயிருள்ள செல் வேண்டும். மூன்று நாள் வளர்த்துப் பிறகு படிப்பார்கள், முடிவு வர இரண்டு மூன்று வாரம். முகத்தைப் பார்த்தாலே டவுன் என்று தெரிகிறதே, பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டவுன் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு 21-ஆம் குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்ததாக இருக்கலாம், அப்படியானால் அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடும். கையைப் பார்த்து அது தெரியாது. முடிவுக்குக் காத்திருக்கும்போதே இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள், டவுன் பிள்ளைகளில் பாதியை ஒட்டி இதயக் கோளாறு உண்டு. தைராய்டும் காதும் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் டவுன் சிண்ட்ரோமுக்கும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். முதல் மாதங்களில் தொடங்கும் பயிற்சி கழுத்து நிற்பதிலேயே வித்தியாசம் காட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, ‘டெர்மடோகிளிஃபிக்ஸ்’ என்று அதே பெயரைச் சொல்லி, அவன் என்ஜினியராவானா பாடகனாவானா என்று ரிப்போர்ட் கொடுக்க ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கமே இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கம்மின்ஸ் கண்டதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பதிவுத் தாளைக் கசங்காமல் கேஸ் ஷீட்டோடு வைத்துப் பின் பண்ணுங்கள். பின் வரிகளின் மேல் குத்தாமல், ஓரமாக. அப்பாவின் தாள், அம்மாவின் தாள், பிள்ளையின் தாள், மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வரி அழிந்துபோன அம்மாக்களுக்கு முதல் நாள் இரவு கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். வரி எழும்பிவிடும்.